இராகுலன் சேரின் பூட்டு

“எங்கட கேற்றைத் தாண்டி ஒரு மான்கூட உள்ள வர ஏலாது, பிள்ளை. அப்பிடிப் பாதுகாப்பு” என்றார் இராகுலன்.

திருகோணமலைத் துறைமுகத்தோரம் இருக்கும் அந்தப் பண்டகசாலைக் கம்பனிக்கு அவர்தான் கிளை முகாமையாளர். மான்கள் பஸ் நிலையம் வரைக்கும் உலாவித் திரிகிற ஊரில் அது சின்னப் பெருமை இல்லைதான். கணினிப் பாதுகாப்பு உத்தியோகத்தர் பதவிக்கு நேர்முகத் தேர்வு. ஆனால் வந்தவர்களைக் கேள்வி கேட்பதைவிடத் தன் புகழைப் பாடுவதில்தான் அவருக்கு நேரம் போனது.

எதிரே, கதிரையின் நுனியில் விதுசா இருந்தாள். அன்புவழிபுரத்துப் பெண். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் கட்டாரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காசாளர். அண்ணன் விசாவே எடுத்துவிட்டான். அவளுக்குப் போக விருப்பமே இல்லை. பயம்தான். வாய் மட்டும் அடங்கவில்லை.

“மான் வராது சேர். ஆனா உங்கட பேரில ஆரும் வரலாம்.”

“என்ன கதை இது?”

“கதவு, களஞ்சியம், லீவு, சம்பளம் எல்லாத்துக்கும் ஒரே சொஃப்ட்வெயார்தானே வச்சிருக்கிறீங்க? அதில உங்கட பேரை அடிச்சு, பாஸ்வேர்ட் கேக்கிற இடத்தை வெறுமையா விட்டு, என்டரைத் தட்டினாச் சரி. உள்ள விட்டிடும்.”

இராகுலன் சிரித்தார். “என்ர பாஸ்வேர்ட் எவ்வளவு நீளம் தெரியுமோ? எனக்கே ரெண்டு தரம் பிழைக்கும்.”

“அதுதான் சேர் பகிடி. பிழையா அடிச்சாத் தடுக்கும். ஒண்டும் அடிக்காட்டி விட்டிடும்.”

“இணையத்தில நாலு பக்கம் வாசிச்சிட்டு வந்து எனக்குப் படிப்பிக்க வேண்டாம். நீர் போகலாம். அடுத்த ஆளை வரச் சொல்லும்.”

விதுசா எழும்பினாள். கட்டார் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

“கொஞ்சம் இருங்க” என்றது இன்னொரு குரல். கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த நஸ்ரியா, அதுவரை தேத்தண்ணியோடு மட்டும் சங்காத்தமாக இருந்தவர், இப்போதுதான் நிமிர்ந்தார். “அதெப்பிடி நடக்கும்? விளங்கச் சொல்லுங்க.”

“அந்த சொஃப்ட்வெயார் தானாப் பாஸ்வேர்டைப் பாக்கிறேல்ல மிஸ். எல்லாரின்ர பேரும் இருக்கிற இன்னொரு சேர்வரிட்டக் கேக்கும். பாஸ்வேர்ட் வெறுமையா வந்தா, ஆரோ சும்மா எட்டிப் பாக்க வந்த ஆளாக்கும் எண்டு அது ‘சரி’ எண்டிடும். அந்தச் ‘சரி’யை வச்சு இது, வந்தது இராகுலன் சேர்தான் எண்டு முடிவெடுத்திடும். கலியாண வீட்டு வாசலில ‘வாங்கோ’ எண்டாப்போல, நேராப் போய் மாப்பிள்ளையின்ர இடத்தில இருக்கிற மாதிரி.”

நஸ்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. “இதுக்குத் திருத்தம் ஒண்டும் வரேல்லயா?”

“வந்து கனகாலம். இஞ்ச போடேல்ல. இணையத்தில ஆரும் திறந்து பாக்கக்கூடிய முன்பக்கத்துக்குக் கீழ இன்னும் பழைய வேர்ஷன் நம்பர்தான் கிடக்கு.”

நஸ்ரியா மேசையில் கிடந்த மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து இராகுலனின் பெயரை அடித்தார். கீழே ஒன்றும் அடிக்கவில்லை. என்டரைத் தட்டினார்.

‘வணக்கம், இராகுலன்’ என்றது திரை. அதோடு நிற்காமல் அவருடைய லீவு விண்ணப்பங்களையும் வரிசையாகக் காட்டியது.

“மிஸ்டர் இராகுலன், உங்கட மாமியாரின்ர செத்த வீட்டுக்கு இந்த வருசம் ரெண்டு தரம் லீவு எடுத்திருக்கிறீங்க.”

இராகுலன் அவசரமாக எட்டி மடிக்கணினியை மூடினார்.

“இவவையே எடுப்பம்” என்றார் நஸ்ரியா. “இனி வேற ஆளைப் பாக்கத் தேவையில்லை. நீங்க என்ன சொல்றீங்க?”

மாமியாரை இரண்டு தரம் சாகடித்த மனிதர் என்னத்தைச் சொல்வார். “ஓம், ஓம். கெட்டிக்காரப் பிள்ளை. பாத்த உடனேயே நான் நினைச்சனான்” என்றார்.

விதுசாவுக்குக் கண் கலங்கியது. அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலைகூட வரவில்லை. அவ்வளவு சந்தோசம்.

“முனாஸ், இவவின்ர ஃபைலைக் கொண்டாரும்” என்று இராகுலன் எழுதுவினைஞரைக் கூப்பிட்டார்.

முனாஸ் வெறுங்கையோடு வந்து, வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தான்.

“சேர், இவவின்ர விண்ணப்பத்தைப் போன மாதமே நீங்க நிராகரிச்சிட்டீங்க. கம்பஸ் பட்டம் இல்லாத ஆக்களைக் கூப்பிடவே வேணாம் எண்டு சொன்னீங்க.”

“அப்ப இவவை இண்டைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டது ஆர்?”

“நீங்கதான் சேர்” என்றான் முனாஸ். “ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உங்கட பேரில உள்ள வந்துதான் இவவை நேர்முகப் பட்டியலில சேர்த்திருக்கு. மத்தியானச் சாப்பாடும் குடுக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறீங்க.”