ஐந்தாவது படத்தில் ஒரு ஆள்

"இந்த மொட்டை எங்கேர்ந்து வந்தான், நீரஜா?"

போனில் டைரக்டர் ஸ்ரீரங்கனின் குரலே சரியில்லை. மந்தைவெளி வீட்டில் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள் நீரஜா.

"எந்த மொட்டை சார்?"

"நீ அனுப்பின ஸ்டோரிபோர்டுல, அஞ்சாவது படத்துல. பதினோரு மணிக்கு க்ளையன்ட் வர்றார். அவர் விக்கிறது முடி வளர்ற தைலம். அவர்கிட்ட மொட்டைத் தலையைக் காட்டினா என்ன ஆகும்?"

என்ன ஆகும் என்று அவளுக்கா தெரியாது? விளம்பரப் படத்துக்கு அவள் காட்சி காட்சியாக வரைந்த முதல் ஸ்டோரிபோர்டு அது. இது ஊத்திக்கொண்டால் வேலையும் போச்சு. ஆனால் ஐந்தாவது படத்தில் அவள் ஆளையே வரையவில்லையே! கதைப்படி அங்கே கரண்ட் போகிறது. படம் முழுக்கக் கறுப்பு, அவ்வளவுதான்.

அதைச் சொன்னாள்.

"அப்ப என் கண்ணு பொய் சொல்லுதா? மீசைகூட இல்லாம மழமழன்னு உட்கார்ந்திருக்கான்."

ரெண்டு நாள் லீவில் வெளியூர் போன மனுஷன் காலையில்தான் திரும்பியிருந்தார். வந்ததும் வராததுமாக இந்தக் கூத்து. நீரஜா தன் லேப்டாப்பில் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தாள். கறுப்பு. வெறும் கறுப்பு.

"சார், ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க."

"இன்னும் நல்லாத் தெரியறான்."

"கான்ட்ராஸ்ட்டை ஏத்துங்க."

"ஏத்திட்டேன். பளிச்சுனு இருக்கான். தலை வேற மஞ்சளா இருக்கு."

"நைட் மோட் ஆன்ல இருக்கும் சார். அதுல எல்லாமே மஞ்சளாத்தான் தெரியும். ஆஃப் பண்ணுங்க."

"பண்ணியாச்சு. மஞ்சள் போகலையே."

"ஃபுல் ஸ்க்ரீன்ல வச்சுப் பாருங்களேன்."

"போச்சு போ. இப்ப தோளும் சேர்ந்து தெரியுது."

நீரஜாவுக்குத் தலை சுற்றியது. வேறு யாராவது படத்தை மாற்றிவிட்டார்களா? இல்லை, தூக்கக் கலக்கத்தில் தானே எதையாவது கிறுக்கித் தொலைத்தோமா? கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி, பறக்கும் ரயிலைப் பிடித்து, தரமணியில் இறங்கினாள்.

பத்தே முக்காலுக்கு மூச்சிரைக்க அவர் அறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

திருப்பதியில் முடி இறக்கிய தலையில் பூசிய சந்தனம்கூடக் கலையாமல், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கறுத்துக் கிடந்த திரைமுன் குனிந்து உட்கார்ந்திருந்தார் ஸ்ரீரங்கன்.

"வா நீரஜா, நீயே பாரு. இப்ப என்னையே முறைக்கிறான்."