சிவப்பு இல்லாத வரைபடம்

கிட்ட வந்து இரு பிள்ளை. இது உரக்கச் சொல்கிற கதையில்லை.

வெள்ளவத்தையில் நமசிவாயம் முதலாளியின் சேலைக்கடையில் அழகுமுத்து விற்பனையாள். அவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. எந்தத் தட்டில் எந்த நிறம் என்று மனப்பாடம் பண்ணியே பிழைப்பை ஓட்டினான். முதலாளிக்குத் தெரிந்தால் அன்றோடு வேலை போச்சு.

மழைக்காலம் வந்தது. கால்வாய்க்கரையில் இருந்த குறுகிய ஒழுங்கையில், வெள்ளம் வந்தால் வீடுகளைக் காலி பண்ணிப் பழக ஒரு ஒத்திகை வைத்தார்கள். ஒத்திகைக் கமிட்டித் தலைவரும் அதே முதலாளிதான். அழகுமுத்துவைக் கூப்பிட்டார்.

“உன்ரை தொண்டைக்கு மைக்கே தேவையில்லையடா. மெப்பைப் பார்த்துச் சிவப்பு வீடுகளை முதல் கூப்பிடு. பச்சை கடைசி.”

“சரிங்க முதலாளி,” என்றான்.

வரைபடம் செய்தது அந்த ஒழுங்கை உஷாந்தி. கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிற ஜி.ஐ.எஸ். வகுப்புக்குப் போகிற பிள்ளை. படிப்பிக்கிற வாத்தியார் ராகுலன் சேரும் ஒத்திகைக்கு வந்திருந்தார்.

தாளை விரித்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“என்ன பிள்ளை இது? ஆபத்துக்குச் சிவப்பு, ஆபத்தில்லாத இடத்துக்குப் பச்சை எண்டு எத்தனை தரம் சொன்னனான்? கோடும் புள்ளியும் வெள்ளையும்… சட்டை தைக்கிற சீத்தைத் துணியோ?”

சனம் சிரித்தது.

“எனக்குச் சிவப்பெண்டால் பிடிக்காது சேர்.”

“வெள்ளம் உம்மட விருப்பத்தைக் கேட்டே வரும்?”

“நாலு எழுத்துப் படிச்ச திமிர்,” என்றார் முதலாளி.

உஷாந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

அழகுமுத்துவுக்கோ போன உயிர் திரும்பி வந்தது. ‘கோடு முதலில், புள்ளி பிறகு, வெள்ளை கடைசி’ என்று மூலையில் எழுதியிருந்தது. ஒரு வீடும் பிசகாமல் கூப்பிட்டான். கிழடு கட்டைகளிலிருந்து கைக்குழந்தை வரை எல்லாரும் கோயில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

‘முருகா, நல்லவேளை அந்தப் பிள்ளைக்குச் சிவப்புப் பிடிக்கல!’ என்று கும்பிட்டான்.

அடுத்த கிழமை உஷாந்தி கடைக்கு வந்தாள். புதுச்சரக்கு இறக்கின நாள். தட்டெல்லாம் தலைகீழ்.

“யாருக்குப் பிள்ளை சேலை?” என்றார் முதலாளி.

“எனக்குத்தான்.”

“என்ன நிறம்?”

“சிவப்பு.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அண்டைக்குப் பிடிக்காதெண்டீர்? சரி சரி. டேய் அழகுமுத்து, நல்ல சிவப்பா எடுத்துப் போடு!”

அழகுமுத்துவின் கை இரண்டு அடுக்குக்கு நடுவில் அந்தரத்தில் நின்றது. முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார்.

“தேட வேண்டாம் அண்ணை, நான் வாசலிலேயே பார்த்து வைச்சிட்டன்,” என்றாள் உஷாந்தி. “உங்கட வலது கைக்கு நேர் கீழ, அகலச் சரிகை போட்டது.”

எடுத்தான். முதலாளி தலையாட்டினார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் அவனைப் பார்க்காமல், முதலாளியிடம் திரும்பி விலை பேசத் தொடங்கினாள்.