பாய்க்கோடு

"பையை அப்புறம் வைக்கலாம். நீ முதல்ல வந்து படு."

கதவைத் திறந்ததும் கேட்ட அந்தக் குரல் தரையிலிருந்து வந்தது. கணவன் குப்புறப் படுத்து மோவாயைக் கைகளில் தாங்கியிருந்தான். எதிரே, பாயில் மல்லாந்து கிடந்தான் ஐந்து மாத மகன்.

"என்னங்க இது, முதலை மாதிரி?"

"துரை இன்னிக்கு ஒரு முடிவோட இருக்காரு. இன்னிக்கோ நாளைக்கோ கவுந்துடுவாரு போல. கண்ணை எடுக்காம பாரு."

"உங்களுக்கு அச்சகத்துக்கு நேரமாகலையா?"

"மெஷின் எங்கேயும் ஓடிப்போயிடாது. வா."

அவள் பையைப் போட்டாள். செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று உள்ளேயுமாகக் கிடந்தது. கை கழுவிய ஈரத்தோடு வந்து மகனுக்கு மறுபக்கம் படுத்துக்கொண்டாள்.

இதையாவது தவறவிடக் கூடாது என்று ஒரு வாரமாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

மகனின் முதல் சிரிப்பை வாங்கிக்கொண்டு போனவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள். "அந்த ஆளு மீசையைப் பார்த்துக் கெக்கெக்கேன்னு சிரிக்கிறான்!" என்று கணவன் அன்று நடித்தே காட்டினான். அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் முகம் கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்தை மீறி எதுவும் வெளியே கேட்டிருக்காது.

அவளுக்கு வேலை குழந்தைகள் காப்பகத்தில். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சரிதான், வளர்கிறான். வளரும்போது அவள்தான் பக்கத்தில் இருப்பதில்லை. பகலில் அப்பா பார்த்துக்கொள்வான். இரவில் அவனுக்கு அச்சகம்.

காப்பகத்தில் ஒரு சட்டம் உண்டு. வேலையில் சேர்ந்த அன்றே பெரியக்கா சொல்லிவிட்டாள்: "நாம பார்க்கிறதெல்லாம் ஒத்திகை. முதல் தடவைங்கிறது பெத்தவங்களுக்கு. வாயைத் தொறந்தே, வேலை போச்சு."

இன்று மத்தியானம் பேங்க்கம்மாவின் மகள் காப்பகத்துப் பாயில் கவிழ்ந்தாள். முதல் முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆவதுபோல ஒரு கை நெஞ்சுக்கடியில் மாட்டிக்கொண்டது. வீறிட்டுவிட்டாள். இவள்தான் கையை மெல்ல உருவிவிட்டாள். அதைத் தானாக உருவிக்கொள்ள இன்னும் பல தடவை கவிழ்ந்து பழக வேண்டும்.

சாயங்காலம் பேங்க்கம்மா வந்து, "இன்னிக்கு ஏதாச்சும் பண்ணினாளா அக்கா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா. வீட்டுல கண்ணை எடுக்காம பாருங்க."

பேங்க்கம்மா மகளின் கன்னத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்தாள். கொஞ்சம் பொறுத்து, "நல்லவேளை அக்கா. நான் பயந்துட்டே வந்தேன்" என்றாள். பாவம், களைத்துப்போயிருக்கிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

"பாரு, பாரு! இப்படித்தான் முதல்ல காலைத் தூக்குவான்…" கணவன் இருமினான். "தூக்குவான்னு நினைக்கிறேன்."

மகன் காலைத் தூக்கினான்.

காலின் பின்னால் இடுப்பு வந்தது. இடுப்பின் பின்னால் முதுகு. ஒருக்களித்து, அப்படியே ஆடி நின்றான். இந்த இடத்தில்தான் ஒரு வாரமாகத் தோற்றுத் தோற்று மல்லாந்து விழுந்தான். முகம் சிவந்தது. பொக்கை வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது.

எத்தனையோ பிள்ளைகள் கவிழ்ந்ததைப் பார்த்த கண்தான். ஆனாலும் அவள் மூச்சு விடவில்லை. இந்தப் புரளல் அவளுக்குத் தெரியும். இதே தோள், இதே இடுப்பு, இதே பிடிவாதம். அவள் வயிற்றுக்குள் புரண்டது இதுதான். அப்போது உள்ளங்கைக்கு மட்டும் தெரிந்தது, இப்போது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

புரண்டான்.

வீடே ஒரு சுற்றுச் சுற்றி நின்றதுபோல் இருந்தது.

மகன் நெஞ்சுக்கடியில் போன கையை, சட்டையைக் கழற்றுகிறவன்போல, அலுங்காமல் வெளியே உருவினான். தலையைத் தூக்கினான். கைதட்டலுக்காக அப்பாவைப் பார்த்தான்.

கணவன் தட்டினான். "முதல் தடவை! உன் கண்ணு முன்னாடி! நான் சொல்லல?"

பொய் சொன்னால் சிவக்கிற காதுகள் இரண்டும் சிவந்திருந்தன.

மேசை சுவரோரமாக நகர்ந்திருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். அதன் முனையில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தான்.

மகனை வாரி எடுத்தாள். அவன் கன்னத்தில் பாயின் வரிகள். இப்போது விழுந்தவை அல்ல. பகலில் ஆற அமரப் பதிந்தவை.

அன்று தண்ணீர்ச் சத்தத்தை மீறிக் கணவனுக்குக் கேட்டிருக்கிறது.

அந்த வரிகளைக் கட்டைவிரலால் தேய்த்தாள். தேய்க்கும்போதுதான் இன்னொரு கட்டைவிரல் ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால், காப்பக வாசலில் அதேபோல் ஒரு நொடி பேசாமல் நின்றுவிட்டுச் சிரித்த அம்மாக்கள் ஒவ்வொருத்தியாக ஞாபகம் வந்தார்கள்.

கணவன் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன்போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் பொறுத்து, "நல்லவேளைங்க" என்றாள். "நான் பயந்துட்டே வந்தேன்."