டயர் வெடித்த சத்தம்

நண்பகல் வெயில் தையல் கூடத்தில் வெட்டிப்போட்ட துணிகளின் மேல் விழுந்து கிடக்கிறது. தெருவில் டமாரென்று ஒரு சத்தம். பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தைக்கிறார்கள். வடக்கு மாவட்டத்திலிருந்து போன மாதம் வந்தவள் மட்டும் தையல் மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள். மேலே அவளுடைய ஊசி பாதி தைத்த சட்டைக்கையில் குத்தி நிற்கிறது. பக்கத்து மிஷின்காரி குனிந்து சிரிக்கிறாள். "லாரி டயர்தான்டி வெடிச்சுது. இது என்ன உங்க ஊரா? இங்க யாருகிட்ட துப்பாக்கி இருக்கு? வெளிய வா." அவள் கையை ஊன்றி வரத்தான் பார்க்கிறாள், மறுபடி முழங்காலைக் கட்டிக்கொள்கிறாள். "எங்க வீட்டுக்காரரைச் சுட்டப்பவும் டயருன்னுதான்க்கா சொன்னாங்க. நானும் நம்பி பாத்திரம் கழுவிட்டிருந்தேன்." மிஷின்காரியின் சிரிப்பு அடங்குகிறது. அவளும் தரையில் உட்கார்கிறாள்.