மெரிநெப்பைக் கூப்பிட்டவள்

"தள்ளிப் போம்மா. கல்லு தெறிச்சுக் கண்ணுல படும்" என்றான் புது மன்னரின் அதிகாரி.

ஹெனுத் நகரவில்லை. புருஷனின் கல்லறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். படையலுக்குக் கொண்டுவந்த ரொட்டியும் பீர்ச் சாடியும் இன்னும் கழுதையின் முதுகிலேயே இருந்தன.

அதிகாரி ஆணையைச் சொன்னான். முதலில் புது மன்னரின் ஐந்து பெயர்கள். பருந்தின் பெயர், கழுகும் நாகமும் காக்கும் பெயர், பொன் பெயர், அரியணைப் பெயர், பிறந்த பெயர். ஒன்றைக்கூட விடாமல் மூச்சுப் பிடித்துச் சொல்லி முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான். பழைய மன்னன் மெரிநெப் துரோகி. அவன் பெயர் இனி எந்தக் கல்லிலும் இருக்கக் கூடாது, எந்த மனிதருக்கும் இருக்கக் கூடாது.

ஹெனுத்தின் புருஷன் பிறந்தது அந்த மன்னன் முடிசூடிய வருஷம். அந்த வருஷத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதே பெயர்தான்.

"ஐயா, அந்த ராசா யாரு, எங்க வீட்டுக்காரர் யாரு? இவரு கல்லு உடைச்சுப் பொழச்சவரு. பேரு வச்சது என் மாமியா. பேரு இருக்கிற வரைக்கும்தானே மறு உலகத்துல உசுரு? அதை அழிச்சிட்டா, செத்தவரு இன்னொரு தடவை செத்துப்போவாரே!"

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? இனி அந்தப் பேரை மரியாதையாச் சொல்ற நாக்கும் இருக்காது."

காவலர் இருவர் அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். வாசல் கல்லில் செதுக்கியிருந்த பெயர் மேல் உளி இறங்கியது. மெரிநெப் பொடிப்பொடியாக வாசலில் உதிர்ந்தான்.

அங்கே ஒருத்தருக்கு ஐந்து பெயர். இவனுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் கொத்திப் போட்டுவிட்டார்களே பாவிகள்!

கழுதை புல் தேடிச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. ஹெனுத் கையை உதறிக்கொண்டு வந்து, இடுப்பில் கை வைத்துக் கத்தினாள்.

"ஏய் மெரிநெப்! எங்க போற? திரும்பி வா!"

அதிகாரி பிரம்பை ஓங்கினான்.

"மனுசருக்கு ஆகாத பேருன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க? அதான் கழுதைக்கு வச்சுட்டேன்."

ஓங்கிய பிரம்பு அப்படியே நின்றது. பிறகு அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காவலரும் சிரித்தார்கள்.

"துரோகிக்கு இதுதான் சரியான பட்டம்! ஊரே கேக்கக் கூப்பிடு. தெனமும் கூப்பிடு!"

"உத்தரவு ஐயா."

கழுதை திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு வேறு பெயர் உண்டு.

உயிரோடு இருந்தபோது மெரிநெப்பும் முதல் தடவை கூப்பிட்டுத் திரும்பியவனில்லை. ஹெனுத் கல்லறை வாசல் பக்கம் திரும்பி, இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.