சீனி பத்தாத டீ

விபத்தில் போன என் கீழ் முன்பற்களின் இடத்தில், இறந்துபோன ஒருவர் அணிந்திருந்த, நினைவுச் சில்லு வைத்த செயற்கைப் பற்களைத் தாடையில் பதித்தார்கள். பழையவரின் பழக்கங்கள் அந்தச் சில்லில் பதிந்திருக்கும், ஒரு வாரம் கழித்துத் திங்கட்கிழமை அழித்துவிடலாம் என்றார் மருத்துவர். அதற்குள் இறந்தவரின் வீட்டார் ஒருமுறை வந்து பார்ப்பது வழக்கம்.

ஞாயிறன்று அவர் மனைவி ஞானசௌந்தரி அம்மா பிளாஸ்கில் சீனி போடாத டீயும், தனியே ஒரு டப்பாவில் சீனியுமாக வந்தார்.

“குடிங்க தம்பி.”

எனக்கு இனிப்பு சரியாகத்தான் இருந்தது. பற்கள் தாமாகவே கண்ணாடி டம்ளரின் விளிம்பில் இரண்டு முறை தட்டின.

“சீனி பத்தலேன்னா வாயத் தொறந்து கேக்க மாட்டாக, இப்படித்தான் தட்டுவாக. நாப்பது வருசம் ஏசியிருக்கேன். இன்னைக்கு வேணுமின்னே கொறச்சுப் போட்டேன். நாளைக்கு இது இருக்காதுல்லா?”

“இருக்காதும்மா.”

அடுத்த டம்ளரில் அவர் சீனியே போடவில்லை.

பற்களில் எல்லாம் அழிந்து ஒரு மாதமாகிறது. நேற்று பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்த ஞானசௌந்தரி அம்மா, டீ வாங்கிக் கொடுத்தார். விளிம்பில் நானே இரண்டு முறை தட்டினேன்.

“அவுக இம்புட்டு மெதுவாத் தட்ட மாட்டாக தம்பி” என்று சிரித்தபடி, கடைக்காரரிடம் சீனி கேட்டு வாங்கினார்.