மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு வேட்டு

2024 ஜனவரி 21, ஞாயிறு. திருவாடானைக்கு ஒன்பது கிலோமீட்டர் மேற்கே உள்ள செங்காட்டேந்தல் கண்மாயில், அன்று காலைக் கணக்குப்படி, நூற்றுப் பதினான்கு நாரைக் கூடுகள்.

“எழவு வீட்டுக்குக்கூட வேட்டுப் போடுறாக. எம் மகன் கல்யாணத்துக்குக் கெடையாதுங்கிறீகளே அண்ணே!”

சோணையம்மாள் கொண்டுவந்த பழத்தட்டை இன்னும் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்திருந்தாள். திருப்புல்லாணிப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவள். இன்னும் பன்னிரண்டு நாளில் அவள் மகன் அருள்முருகனுக்கும் நாகநாதன் மகள் பூங்கோதைக்கும் கல்யாணம்.

“இந்த ஊர்ல எழவுக்கும் இல்ல தங்கச்சி” என்றார் நாகநாதன். “கார்த்திகையில எங்க பெரியய்யா செத்தாரு. அவரும் சத்தமில்லாமத்தான் போனாரு.”

“செத்தவரு கோவிச்சுக்க மாட்டாரு. உசிரோட வர்ற எங்க சொந்தபந்தம் கோவிச்சுக்குமே!”

கூட வந்திருந்த கூத்தையா லேசாகச் சிரித்தார். ‘நம்ம வேட்டுக்காரரு, வேட்டுக்குக் குழி போட இடம் பாக்கக் கூட்டியாந்தேன்’ என்று வந்ததுமே சோணையம்மாள் சொல்லியிருந்தாள். ஆனால் அவர் இடம் எதையும் பார்க்கவில்லை. குடிக்கக் கொடுத்த கலரைக் கையில் வைத்துக்கொண்டு நாகநாதனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகநாதன்தான் கண்மாய்ச் சங்கத் தலைவர். மூன்று கோடை ஊரே இறங்கி சீமைக்கருவேலை வேரோடு பிடுங்கிய பிறகுதான், உள்ளே நெரிபட்டுக் கிடந்த நாட்டுக் கருவேல மரங்கள் தழைத்தன. அதற்குப் பிறகுதான் நாரைகள் வந்தன.

“இப்பத்தான் குஞ்சு பொரிச்சிருக்கு” என்றார் அவர். “ஒரு வேட்டுச் சத்தம் கேட்டாப் போதும், தாய்ப் பறவை மொத்தமும் எந்திரிச்சிரும். அது திரும்பி வாரதுக்குள்ள பருந்து குஞ்சைத் தூக்கிரும். அதான் ஐப்பசியில இருந்து பங்குனி முடிய வேட்டும் இல்ல, மைக் செட்டும் இல்ல. ஊர்க்கூட்டத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டது.”

“கூட்டம் போட்டவரு நீங்கதானே? ஒரு நாளைக்கு மட்டும் கண்டுக்காம இருக்கக் கூடாதா?”

கூத்தையா முதல்முறையாக வாயைத் திறந்தார். “ஈரச் சாக்கைச் சுத்தி, மேக்க ஒரு மைல் தள்ளி வச்சா சத்தம் பாதிதான் கேக்கும். ஒண்ணே ஒண்ணு. யாரு வச்சதுன்னு யாருக்குத் தெரியப்போகுது?”

“நாரைக்குத் தெரியும்ணே” என்றார் நாகநாதன்.

கதவருகே நின்ற வெள்ளையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “ஒரு வேட்டுத்தானே கேக்குறாக? பொம்பளப் புள்ள வாழ்க்கைங்க. விட்டுக்குடுத்துப் போங்களேன்” என்று கணவனிடம் கெஞ்சினாள்.

நாகநாதனுக்குத் தம்பி மகன் மாரீஸ்வரன் ஞாபகம் வந்தது. போன தையில் அவன் கல்யாணத்துக்கு வந்திறங்கிய வேட்டுச் சாக்கை, தெருவை மறித்து நின்று திருப்பி அனுப்பியவர் இவர்தான். ‘ஒங்க வீட்டுக்கும் ஒரு விசேஷம் வரும்ல பெரியப்பா, அப்பப் பாப்போம்’ என்று சொல்லிவிட்டுப் போனவன், இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

“முடியாது தங்கச்சி” என்றார்.

சோணையம்மாள் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். “அப்ப இந்தக் கல்யாணத்தைப் பத்தி நாங்க யோசிக்க வேண்டியதுதான்.”

கண்மாய்ப் பக்கமிருந்து குஞ்சுகள் இரைக்குக் கத்துவது கேட்டது. நாகநாதன் மகளைத் திரும்பிப் பார்த்தார். ஞாயிறுதோறும் கரையில் நின்று கூடுகளை எண்ணுகிறவள் அவள்தான். இன்றைய நூற்றுப் பதினான்கும் அவள் எண்ணியதே.

“அய்யா, என்னைய நெனச்சு மாத்திச் சொல்லாதீக” என்றாள் பூங்கோதை. சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

நாகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “யோசிங்க தங்கச்சி. சித்திரைக்குத் தள்ளி வச்சாலும் சரி. பறவை போயிருக்கும், நானே நூறு வேட்டு வாங்கித் தாரேன். இப்ப ஒண்ணுகூட முடியாது.”

சோணையம்மாள் கூத்தையா பக்கம் திரும்பினாள்.

“காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு ஆத்தா.”

“தன் வீட்டுக் கல்யாணம்னா எந்தத் தலைவனும் வேட்டுப் போட்டுத்தான் தீருவான்னு நீங்க சொன்னீகளா, இல்லையா?”

“சொன்னேன்.” கூத்தையா தலையைச் சொறிந்தார். “இப்படி ஒரு ஆள் இருப்பாருன்னு நெனைக்கல.”

சோணையம்மாள் பழத்தட்டை வெள்ளையம்மாளின் கையில் வைத்து அழுத்தினாள். “மனசுல வச்சுக்காதீக மதினி. இவரு வேட்டுக்காரரு இல்ல, எங்க ஊர்த் தலைவரு. இந்த வருசம் எங்க கண்மாய்க்கும் நாரை வந்திருக்கு. வேட்டை நிப்பாட்டச் சொல்லி ஊர்ப் பொம்பளைகளைச் சேத்து மூணு கூட்டம் போட்டேன், இவரு மசியவே இல்ல. கண்ணால பாத்தாத்தான் நம்புவாருன்னு கூட்டியாந்தேன்.”

“அதுக்கு எங்க உசிரை எடுக்கணுமா மதினி?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சண்டைக்குப் போனாள் வெள்ளையம்மாள்.

ஜனவரி 26 கிராம சபைக் கூட்டத்தில், பங்குனி முடியும்வரை வேட்டு இல்லை என்று சோணையம்மாளின் ஊரும் முடிவெடுத்தது. முதல் கையெழுத்து கூத்தையாவுடையது.